நீங்கள் உயிரோடு இருக்கும் ஊர்கள்

என் அப்பாவுக்கு, ரூபியின் ஸ்தோத்திரம்.

ஸ்தோத்திரம் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடிக்கவா, விடவா என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். அது இல்லாத கடிதம் வந்தால் நீங்கள் உறையைத் திருப்பிப் பார்ப்பீர்கள், வேறு யாருக்கோ வந்ததோ என்று.

இந்த வருஷ சர்ச் மாநாட்டில் நான் மேடை ஏறினேன், அப்பா. பயப்படாதீர்கள், பிரசங்கம் செய்ய இல்லை. உங்கள் வேலையைச் செய்ய. வெளியூரிலிருந்து வரும் பேச்சாளரை அறிமுகம் செய்கிற அந்த இரண்டு நிமிஷ வேலை. அன்றிலிருந்து ஒரே குழப்பமாக இருக்கிறது. உங்களிடம் சொன்னால் எனக்குப் புரியலாம். புரியாமலும் போகலாம்.

உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள்.

வருஷம் முழுக்க மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக்கடையில் நின்று துணி விரித்தவர் நீங்கள். மாநாடு நடக்கும் நாட்களில் மட்டும் மேடை ஏறுவீர்கள். பேச்சாளரை அறிமுகம் செய்வது என்றால் எல்லா ஊரிலும் ஒரு தாளை வாசிப்பதுதான். பிறந்த ஊர், ரட்சிக்கப்பட்ட வருஷம், போய்வந்த நாடுகள். கடைசியில் 'வல்லமையான தேவமனிதர்'. பிறகு பொன்னாடை. நீங்கள் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள். வாசிக்கமாட்டீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்வீர்கள். பேச்சாளரை அழைத்துவர நீங்களே ஜங்ஷனுக்குப் போவீர்கள். ரயிலைவிட்டு அவர் இறங்குவதிலிருந்து ஹால் வாசலுக்கு வருவதுவரை உங்கள் கண்ணில் என்ன பட்டதோ, அதை மட்டும் மேடையில் சொல்வீர்கள்.

"ஐயா ரயிலை விட்டு எறங்குனதும் கூட வந்த ஒரு அம்மாவோட மூட்டையை வாங்கி எறக்குனாங்க. அதுக்கப்புறம்தான் தன் பெட்டியைத் தேடுனாங்க. கவனமா கேளுங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஒரு வருஷம் பெரிய பேச்சாளர் ஒருவர் காரில் ஏறியதும் தூங்கிப்போனார். நீங்கள் அதையும் சொன்னீர்கள். "ஜங்ஷன்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ஐயா தூங்குனாங்க. அவ்வளவு அலுப்போட நமக்காக வந்திருக்காங்க. கவனமா கேளுங்க." ஹால் சிரித்தது. அவரும் சிரித்தார். மாநாட்டுச் செயலாளர் குணசீலன் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் சாமுவேல், குடுத்த பேப்பரை வாசிச்சா கொறஞ்சா போயிடுவ?" என்று அவர் படியிறங்கும்போதே உங்களைப் பிடித்தார்.

"துணியைத் தொட்டுப் பாக்காம நல்ல துணின்னு நான் கடையிலயே சொல்றதில்லண்ணே. இங்க வந்து சொல்லுவனா?" என்றீர்கள்.

நீங்கள் இல்லாமல் நடந்த போன வருஷ மாநாட்டில் ஜங்ஷனுக்கு நம் தெரு வாடகைக் கார் டிரைவர் சலீம் பாய் மட்டும் போயிருக்கிறார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி. அன்று வந்த பேச்சாளரோ ஜீன்ஸும் டீஷர்ட்டுமாக, கல்லூரிப் பையன் மாதிரி. குணசீலன் அங்கிள் ஹால் வாசலில் சலீம் பாயின் கையைப் பிடித்து நேராக மேடைக்குக் கூட்டிப்போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டார். மைக்கையும் கொடுத்துவிட்டார். "நான் என்னத்தப் பேசுறது பாப்பா? எல்லாரும் நல்லா இருக்கணும்னேன். ஹாலே ஆமென்னு சொல்லிச்சு. பொன்னாடையை அவங்களும் திருப்பிக் கேக்கல. நானும் குடுக்கல" என்று சலீம் பாய் என்னிடம் சொன்னார். நீங்கள் இருந்திருந்தால் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அன்று முழுக்க வருத்தப்பட்டிருப்பீர்கள்.

அந்தத் தப்பு மறுபடி நடக்கக்கூடாது என்றுதான் இந்த வருஷம் குணசீலன் அங்கிள் ஸ்ரீரங்கத்துக்கு, நம் வீட்டுக்கே வந்தார். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம்.

"நீ போய் கூட்டிட்டு வா. நீயே அறிமுகமும் பண்ணிடு. உங்கப்பா எடம் அது."

"நான் இப்ப சர்ச்சுக்கே ஒழுங்கா வர்றதில்ல, அங்கிள்."

"தெரியும். சர்ச்சுக்குத்தானே வர்றதில்ல. ஜங்ஷனுக்கு வரலாம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரியில் எனக்கும் கெஸ்ட் லெக்சரர் வேலைதான். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேர்வேன். என்னை யாரும் எந்த வகுப்பிலும் அறிமுகம் செய்ததில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாரு அங்கிள் பேச வர்றது?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "பிரதர் நத்தானியேல்" என்றார்.

அந்தப் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அம்மாவை மட்டும் தனியே உள்ளே கூப்பிட்ட அதே வாரம். சென்னையிலிருந்து வேறு ஏதோ கூட்டத்துக்கு வந்தவரை யாரோ நம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர் உங்கள் கட்டிலருகே நின்றார். உங்கள் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தார். கண்ணைத் திறந்து சொன்னார்: "அண்ணனுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்தாச்சு. எழும்பி நடப்பாங்க. நீங்க பாப்பீங்க." பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் நீங்கள் என்னிடம் புதுச் செருப்பு வாங்கி வரச் சொன்னீர்கள். தோல் செருப்பு, கறுப்பு, முன்பக்கம் அகலமானது. அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு, கேஸ் சிலிண்டர் புக் எந்த அலமாரியில், வீட்டு வரி ரசீது எந்தப் பையில் என்றும் சொன்னீர்கள். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்து நடப்போம் என்று நம்பினீர்களா? நம்பவில்லையா? செருப்பு யாருக்காக, கேஸ் புக் யாருக்காக?

மழைக்காலம் தொடங்கியபோது போய்விட்டீர்கள். செருப்பு ஒரு நாளும் தெருவைப் பார்க்கவில்லை.

குணசீலன் அங்கிளிடம் சரி என்று சொன்னேன். அவர் மனம் மாறுவதற்குள் சொன்னேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் நான் தெளிவாக இருந்த ஒரே இடம் அதுதான். பார்த்ததை மட்டும் சொல்வது உங்கள் வழக்கம். நானும் பார்த்திருக்கிறேனே. அதைச் சொல்லிவிடலாம். 'இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா எழுந்து நடப்பார் என்று சொன்னார். அப்பா இறந்துவிட்டார். கவனமாகக் கேளுங்கள்.' அவ்வளவு போதும். உட்கார்ந்துவிடலாம். குளிக்கும்போது, பஸ்ஸில், வகுப்புக்குப் போகும் வழியில் அந்த நாலு வாக்கியங்களையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்காமல் வந்தது.

யார் வருகிறார் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் போனபிறகு அம்மா மாநாட்டுப் பக்கமே போனதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார்.

அன்று பிற்பகல் சலீம் பாயோடு ஜங்ஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் நீங்கள் நிற்கிற அதே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். வண்டி வந்தது. கையில் கல்லை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அவர் முன்பைவிட மெலிந்திருந்தார். பெட்டியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. "வேணாம்மா, வெயிட்டு ஜாஸ்தி."

"நான் ரூபி. சாமுவேல் பொண்ணு" என்றேன். எப்படி முகத்தைத் திருப்புகிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவர் நின்றுவிட்டார். "எந்த சாமுவேல்? ஸ்ரீரங்கத்துல படுக்கையா இருந்தாங்களே, அந்த அண்ணனா?"

"ஆமா."

அவர் முகம் மலர்ந்தது, அப்பா. அப்படித்தான் சொல்லவேண்டும். வெகுநாள் தேடிய ஆள் எதிரே வந்துவிட்ட மாதிரி. "ஸ்தோத்திரம்! அவங்க பொண்ணா நீ!" என்று அங்கேயே என் தலையில் கை வைத்தார். எனக்குப் புரியவில்லை.

காரில் ஏறியதும் கேட்டார். "அண்ணன் எப்படி இருக்காங்க? நல்லா நடக்குறாங்களா?"

சலீம் பாயின் கால் பிரேக்கில் பட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, "ஏன்யா, ரோட்டுல தூங்குறியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறந்தேன். எப்படி இருக்கிறீர்கள், நடக்கிறீர்களா என்று அவர் கேட்கிறார். என்ன சொல்வது?

அவருக்குத் தெரியாது. யாருமே சொல்லவில்லை. குணசீலன் அங்கிள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார். நானோ, தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்றே மூன்று வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அவரே பேசினார்.

"எத்தனை ஊர்ல அண்ணனைப் பத்திச் சொல்லியிருக்கேன் தெரியுமாம்மா? நாசரேத்துல சொன்னேன். மதுரையில, கோயம்புத்தூர்ல. கோலாலம்பூர்ல ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரரும் இதே வியாதியில படுத்திருந்தாரு. 'ஸ்ரீரங்கத்து அண்ணன் நடக்கும்போது எங்க வீட்டுக்காரர் நடக்கமாட்டாரா பிரதர்'னு கேட்டு அழுதாங்க." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அந்தச் சாட்சியோடதான் ஆரம்பிக்கணும்னு வந்தேன். அண்ணன் வருவாங்கல்ல? மேடைக்குக் கூப்பிட்டு நிக்க வெச்சிடலாமா?"

வெளியே பார்த்தேன். ஒரு பேக்கரி. ஒரு மருந்துக்கடை. எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன.

மூன்று வருஷமாக உங்களை இறந்தகாலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா சொல்வார் என்பதை அப்பா சொன்னார் என்று மாற்றிக்கொண்டிருந்தேன். அதே நாட்களில் நாசரேத்தில் நீங்கள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறீர்கள். மதுரையில் வாசல்வரை நடந்திருக்கிறீர்கள். கடல் தாண்டி, நான் பார்க்காத ஒரு ஊரில், முகம் தெரியாத ஒரு அம்மாவின் கனவில்கூட வந்திருக்கலாம், அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு.

நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒரு பொய்யருக்காக. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பொய்யர் இல்லை. அல்லது பொய்யர்தானா? ஒரு போன் போட்டுக் கேட்காமல் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவது பொய்யில் சேருமா, சேராதா? என் கோபம் எழுந்து நின்றுவிட்டது. உட்காரவும் இடமில்லை. போகவும் மனமில்லை.

புத்தூர் நால்ரோடு வந்தது. திரும்பினால் ஹால். நேரே போனால் காவிரிப் பாலம், அப்புறம் ஸ்ரீரங்கம். சலீம் பாய் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஹாலுக்கா? பாலத்துக்கா?"

"பாலத்துக்கு பாய்" என்றேன்.

"அண்ணனைப் பாத்துட்டே போயிடலாம்ங்கிறியா? நல்லது நல்லது" என்றார் பிரதர் நத்தானியேல்.

பாலத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மலைக்கோட்டையைத் திரும்பிப் பார்த்தார். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. பாலம் முடிந்தது. மாம்பழச்சாலையும் போனது. நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஊர்களில் எல்லாம் நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. இது பைத்தியக்காரத்தனம் என்றும் தோன்றியது.

வீட்டு வாசலில் அவர் ஷூவைக் கழற்றினார். செருப்பு ஸ்டாண்டில் உங்கள் புதுச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே வந்தார். ஹாலில் உங்கள் படம் மாட்டியிருக்கிறது. சின்ன சீரியல் பல்ப். கீழே பிறந்த தேதி, அதற்குக் கீழே இன்னொரு தேதி.

அவர் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். கையிலிருந்த பை கீழே நழுவியது.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தார். அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாங்க பிரதர். உக்காருங்க. காபி குடிப்பீங்கல்ல?"

"எப்பம்மா?" என்றார் அவர், படத்தைக் காட்டி.

"நீங்க வந்துட்டுப் போன வருஷமே. ஐப்பசியில."

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். "எப்படிச் சொல்றது பிரதர்? சொகமானா சாட்சி சொல்லுங்கன்னு மைக்கைக் குடுப்பாங்க. இதை எந்த மைக்குல போய்ச் சொல்றது?"

அம்மா உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அவர் டம்ளரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார். காபி மேல் ஆடை கட்டியது. நான் சுவரோரமாக நின்றேன். இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். நீங்கள் அந்த இடத்தில்தான் இருந்தீர்கள், சுவரில்.

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும் பிரதர். தப்பா நெனைக்கக்கூடாது. அன்னைக்கு அவரு எழும்பி நடப்பாருன்னு ஏன் சொன்னீங்க?"

பதில்கள் இல்லாத ஆள் இல்லை அவர். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பரலோகத்தில் நடக்கிறார் என்று சொல்வார். நம் வழி வேறு, ஆண்டவர் வழி வேறு என்பார். உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்றுகூடச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் என் நாலு வாக்கியங்களும் திரும்பக் கைக்கு வந்துவிடும். அதற்காகக் காத்திருந்தேன் என்றே நினைக்கிறேன்.

"தெரியலம்மா" என்றார்.

அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

அம்மா தலையை ஆட்டினார். "காபி ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரவா?"

"வேணாம்மா." அந்த ஆடையோடு முழுவதையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எல்லா ஊருக்கும் திரும்பப் போகணும்மா. போய் இதைச் சொல்லணும்."

அப்போது அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை, அப்பா.

"எதுக்கு பிரதர்? சொல்லாதீங்க. அங்கயாவது இருந்துட்டுப் போறாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று வருஷத்தில் அம்மா என் எதிரில் அழுதது அன்றுதான். பிரதர் நத்தானியேல் எழுந்திருக்கவில்லை. ஜெபிக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாதவர் செய்கிற மாதிரி, தட்டில் இருந்த ஒரு அவரைக்காயை எடுத்து நாரை உரித்தார். பிறகு இன்னொன்று.

அம்மா சொன்னது சரியா? கோலாலம்பூரில் ஒரு பெண் உங்களை நம்பித் தன் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு யார் சொல்வது? சொன்னால் என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் என்ன ஆவாள்? அம்மாவுக்கும் அது தெரியும். அவளைப்போலத்தான் அம்மாவும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படியும் சொல்லாதீங்க என்கிறார். எனக்குப் படிப்பு கொடுத்த எந்தக் கருவியும் இங்கே வேலை செய்யவில்லை.

சலீம் பாய் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, குணசீலன் சார் போன் மேல போன் போடறாரு. இந்தத் தடவையும் எனக்கே போர்த்திடப் போறாங்க."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இருங்க, நானும் வரேன்" என்று உள்ளே போனார். நீங்கள் கடையிலிருந்து எடுத்து வந்த சாம்பல் நிறக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வலி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

ஹால் நிறைந்திருந்தது. பாட்டு முடிகிற நேரம். குணசீலன் அங்கிள் மேடைப் படியில் என் கையில் தாளைத் திணித்தார். இரண்டு பக்கம். "வாசிச்சிடும்மா, நல்லா எழுதியிருக்காங்க. உங்கப்பா மாதிரி ஒரு வரியில முடிச்சிடாத." நான் போட்டிருந்த சுடிதாரில் பை இல்லை. மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

மைக் முன்னால் நின்றபோது என் நாலு வாக்கியங்களும் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் உண்மை. நான் கண்ணால் பார்த்தவை. சொன்னால் உங்கள் வழக்கத்தை மீறியதாகவும் ஆகாது. பக்கத்து நாற்காலியில் அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று அவருக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் ஜங்ஷனிலிருந்து ஹால்வரை என்றுதானே வைத்திருந்தீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்தது அதில் வருமா? அங்கே நின்றபோது உங்களிடம் கேட்க முடியவில்லை. நானாகவே முடிவு செய்தேன்.

சொன்னது இதுதான்:

"பிரதர் நத்தானியேல் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு வந்தாங்க. எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஆறிப்போன காபியை மிச்சம் வைக்காம குடிச்சாங்க. எங்க அம்மா அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கு அவங்க, தெரியலம்மான்னு சொன்னாங்க. நான் பாத்தது இவ்வளவுதான். கவனமா கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. நான் இறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நான் அவரைக் கௌரவித்தேனா, தண்டித்தேனா? ஊர் ஊராகப் பதில் சொல்கிறவரை, பதில் தெரியாதவர் என்று முச்சந்தியில் நிறுத்திவிட்டேனோ? அவரைப்பற்றி நான் அறிந்ததில் உயர்ந்தது அதுதான் என்றும் பட்டது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் எப்படி இருக்கிறது என்று புரியவில்லை.

அவர் மைக் அருகே வந்து நின்றார். பேசவில்லை. வழக்கமாகக் கத்துகிற அல்லேலூயாவும் இல்லை. குணசீலன் அங்கிள் மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஓடிவந்து இரண்டு தட்டு தட்டினார். 'டொக் டொக்' என்று ஹால் முழுக்கக் கேட்டது. மைக் நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு சாட்சியோட வந்தேன்" என்றார் கடைசியில். "அதை இப்ப ஸ்ரீரங்கத்துல எறக்கி வெச்சிட்டு வந்திருக்கேன்."

ஹால் சத்தமாக 'ஆமென்' என்றது. என்ன அர்த்தம் என்று தெரியாமலே. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடனே ஒரு சந்தேகம். இதுவும் மேடைக்குத் தயாரித்த ஒரு நல்ல வரியா? காரில் பேசாமல் வந்ததெல்லாம் இதைச் செதுக்கத்தானா? அப்பா, சந்தேகப்பட எனக்கு இவ்வளவு நன்றாகத் தெரிகிறது. நம்புவது எப்படி என்று கேட்டால் தெரியவில்லை. அவரைப்போலத்தான்.

அதற்குப் பிறகு அவர் சின்னதாக ஏதோ பேசினார். குரல் எழும்பவில்லை. உங்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அம்மா கேட்டதற்காகவா, வெட்கத்திலா? மற்ற ஊர்களுக்குப் போய் என்ன செய்யப்போகிறார்? கிளம்பும்போது அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுபடி தெரியலம்மா என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றும் பயம்.

சலீம் பாய் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். பாலத்தில் அம்மா சொன்னார்: "நல்லாத்தான் பேசுன. உங்கப்பா இன்னும் கொஞ்சம் சத்தமா பேசுவாரு."

"பேசுவாரு" என்றார். பேசினாரு என்று சொல்லவில்லை. நான் திருத்தவில்லை.

குணசீலன் அங்கிள் மறுநாள் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த வருஷமும் நீயே ஜங்ஷனுக்குப் போயிடு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பேப்பரை எனக்குத் திருப்பிக் குடுத்துடு, ஆபீஸ் காப்பி" என்றார். அவர் அப்படியேதான் இருக்கிறார்.

அப்பா, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பெரிய வாக்கு எனக்கு வராது. அடுத்த வருஷமும் அந்தத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்பேன். இறங்கி வருகிறவர் யாராக இருந்தாலும், பார்த்ததை மட்டும் சொல்வேன், கொஞ்சம் சத்தமாக. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், ஆண்டவரிடத்தில் என்று சொல்லமாட்டேன். எங்கேயும் இல்லை என்றும் சொல்லமாட்டேன். நான் இன்னும் பார்க்கவில்லை என்பேன்.

ஒருநாள் பார்த்தால், அன்றைக்கே மேடையேறிச் சொல்லிவிடுகிறேன். அதுவரை அந்தச் செருப்பு அங்கேயே இருக்கட்டும். தூசி தட்டுவது என் வேலை.

வண்டி வருவதற்கு முன்பே வந்து நிற்கும்,
உங்கள் ஒரே பெண்,
ரூபி